விளக்கும் நீரும்

போர்களும் உடன்படிக்கைகளும் வரலாற்று நூல்களிலே அதிகாரம் அதிகாரமாக விரித்து எழுதப்படுகின்றன. ஒரு நகரசபை கூடி, விளக்கு எரிக்கும் வாயுவுக்கு இன்ன விலை, குடிக்கும் நீருக்கு இன்ன விலை என்று தீர்மானித்த செய்தியோ அந்நூல்களில் ஒரு வரியும் பெறுவதில்லை. ஆயினும் ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டைப் பொறுத்தமட்டில், தொலைவிலே நடந்த போரைக் காட்டிலும் அவன் முற்றத்துக் கிணறு மூடப்பட்டுக் குழாய் வந்த நாளே பெரிய நாளாகும். இவ்வுண்மையை விளக்குவதற்கு, இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பேர்மிங்காம் நகரசபை 1874ஆம் ஆண்டு தொடக்கம் 1876ஆம் ஆண்டு வரை செய்த சில தீர்மானங்களைக் காட்டிலும் தக்க சான்று கிடைப்பது அரிது.

பேர்மிங்காம் உலோகத் தொழிலால் வளர்ந்த ஊர். துப்பாக்கி, பொத்தான், எழுதுகோல் முனை, திருகாணி என எண்ணிறந்த பண்டங்கள் அங்கே சிறியனவும் பெரியனவுமான பட்டறைகளில் வார்க்கப்பட்டன. 1871ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது அதன் மக்கட்டொகை மூன்றரை இலட்சத்தை நெருங்கியிருந்தது. தொழில் பெருகிற்று, ஆள் பெருகிற்று, ஊரோ அதற்கேற்பச் சீர்பெறவில்லை. தொழிலாளர் இல்லங்கள் ஒன்றன் முதுகோடு ஒன்று ஒட்டி நின்றன. பல குடும்பங்களுக்கு ஒரு முற்றம். அம்முற்றத்திலே ஒரு கிணறு. கிணற்றுக்கு அருகிலேயே கழிவுக் குழி. நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கிணற்று நீரையே நம்பி வாழ்ந்தனர். அந்நீரிற் பெரும்பகுதி மாசுற்றது. நீர்க் கம்பனியின் குழாய் செல்லாத முற்றங்களுக்கு வேறு வழியும் இல்லை. 1874ஆம் ஆண்டிலே பெரியம்மை நோய் நகரிற் பரவியபோது, இந்நிலையின் கொடுமையை யாரும் மறைக்க இயலாதாயிற்று.

ஊரை ஆள ஒரு சபை இல்லாமலில்லை. 1838ஆம் ஆண்டிலேயே பேர்மிங்காம் நகரசபைப் பட்டயம் பெற்றுவிட்டது. 1852ஆம் ஆண்டு தொடக்கத்தில் வீதி ஆணையாளரின் அதிகாரங்களும் அச்சபையிடம் வந்து சேர்ந்தன. ஆனால் அதன் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சபையில் ஓங்கி ஒலித்தது சிக்கனக் குரலே. யோசெப் ஆல்டே என்பவரின் தலைமையில் இயங்கிய சிக்கனக் கட்சியினர், ‘உட்மன்’ என்னும் மதுச்சாலையிலே கூடிப் பேசி, மறுநாட் சபையில் எந்தச் செலவை வெட்டலாம் என்று முடிவுசெய்வது வழக்கம். வீதிச் செலவு வெட்டப்பட்டது. கழிநீர்க் கால்வாய்ச் செலவும் வெட்டப்பட்டது.

இவர்களை வெறும் கஞ்சர் என்று இகழ்ந்துவிடுதல் எளிது; ஆனால் நீதியாகாது. சபை அங்கத்தவருட் பலர் சிறு கடைக்காரர். சில வீடுகளை வாடகைக்கு விட்டுச் சீவிப்பவர். அவர்களைத் தெரிந்தனுப்பிய வரியிறுப்பாளரும் அத்தகையோரே. சபைக்கு வருவாய் என்பது பெரும்பாலும் வீட்டின் பெறுமதிமேல் விதிக்கும் சோலைவரி ஒன்றே. பவுணுக்கு ஒரு பென்சு வரி கூடினும் அது அச்சிறு கடைக்காரரின் கல்லாப்பெட்டியை நேராகத் தாக்கும். செலவைக் குறைப்பதே நல்லாட்சி என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. அவர் கணக்கிலே விடுபட்டது ஒன்றுதான்: வெட்டப்பட்ட செலவு எங்கும் மறைந்துவிடுவதில்லை. அது காய்ச்சலாகவும் கூலியிழப்பாகவும் ஏழையின் வீட்டிற் சென்று சேருகின்றது. அவ்வீட்டின் இழப்பைச் சபையின் வரவுசெலவுப் புத்தகம் காட்டுவதில்லை.

இம்மனப்பான்மை மாறத் தொடங்கியது தேர்தல் மேடையிலன்று, தேவாலயங்களிலே. யோர்ஜ் டோசன், ஆர். டபிள்யூ. டேல் ஆகிய இரு சமயப் போதகர்கள், ஊராட்சியும் இறைபணியின் பாற்பட்டதே என்று ஆண்டுக்கணக்காக எடுத்துரைத்து வந்தனர். நல்ல நீரும் நூல்நிலையமும் தூய வீதியும் மக்களுக்குக் கிடைக்கச் செய்வது சமயக் கடமைகளுள் ஒன்று என்பது அவர்தம் கருத்து. அவர்களுடைய பேச்சைக் கேட்டவருட் செல்வந்தரும் பெருந்தொழிலதிபரும் இருந்தனர். சபையென்றாலே முகஞ்சுளித்து ஒதுங்கியிருந்த அவ்வகுப்பினர் மெல்ல மெல்லத் தேர்தலில் நிற்கத் தலைப்பட்டனர்.

அவருள் ஒருவரே யோசெப் சேம்பர்லேன். 1836ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்த அவர், பதினெட்டு வயதிலே பேர்மிங்காமுக்கு வந்து திருகாணித் தொழிலில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1869ஆம் ஆண்டிற் சபை அங்கத்தவரானார். 1873ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நகரபிதாவாகத் தெரிவுசெய்யப்பட்டார். வாணிகத்திற் கற்ற கணக்கறிவை அவர் சபைக்குக் கொண்டுவந்தார். சிக்கனக் கட்சியினர் ‘எவ்வளவு குறைவாகச் செலவிடலாம்?’ என்று கேட்டனர். சேம்பர்லேன் ‘இவ்வூருக்கு எது தேவை? அதற்குரிய பணம் எங்கிருந்து வரலாம்?’ என்று கேட்டார். இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே பின்னர் நிகழ்ந்தவை யாவற்றுக்கும் வித்தாயிற்று.

முதலில் அவர் கைவைத்தது வாயு. மின்விளக்கு வழக்கத்துக்கு வராத காலம் அது. நிலக்கரியை மூடிய கலங்களில் இட்டுச் சுட்டு, அதினின்றும் எழும் வாயுவைப் பெருந்தாழிகளிற் சேமித்து, நிலத்தடிக் குழாய்வழியே வீதிகளுக்கும் கடைகளுக்கும் அனுப்பி விளக்கேற்றினர். பேர்மிங்காமில் இத்தொழில் இரண்டு கம்பனிகளின் கையில் இருந்தது. இரண்டு கம்பனிக்கும் வெவ்வேறு குழாய். குழாய் பதிக்க இருவரும் வீதியைத் தோண்டுவர். தோண்டிய வீதியைக் காப்பது சபையின் பொறுப்பு. வருமானம் பங்குதாரருக்கு, இடையூறு ஊராருக்கு.

1874ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, இவ்விரு கம்பனிகளையும் சபையே விலைக்கு வாங்கவேண்டும் என்னும் தீர்மானத்தை நகரபிதா கொண்டுவந்தார். அவர் முன்வைத்த நியாயங்கள் தெளிவானவை. போட்டிக்கு இடமில்லாத தனியுரிமைத் தொழில் எதுவாயினும் அது மக்களின் பிரதிநிதிகளுடைய கையில் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கழிநீரைச் சீராக்கவும் வீதி அமைக்கவும் சபைக்குப் பணம் வேண்டும். சோலைவரியை மேன்மேலும் உயர்த்த இயலாது. ஆதலின் வேறு வருவாய் வழி காணல் வேண்டும் என்பது மற்றொன்று. கழிவுநீர் டேம் ஆற்றில் விழுந்து அயலாருக்கு ஊறுசெய்ததன் பொருட்டுச் சபை நீதிமன்றத் தடைக்கும் உள்ளாகியிருந்தமையால், இவ்விரண்டாவது நியாயம் சபையினருக்கு எளிதில் விளங்கிற்று. மேலும், கம்பனி தன் பங்குதாரருக்கு உயர்ந்த ஆதாயப் பங்கு கொடுத்தாகவேண்டும். நகரசபையோ ஊரின் வரி முழுவதையும் பிணையாக வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன்பெற வல்லது. இவ்விரு வீதங்களுக்கும் இடையிலுள்ள தொகையே ஊருக்கு மிச்சமாகும்.

விலை ஏறத்தாழ 20 இலட்சம் பவுண். அக்காலத்தில் ஒரு நகரசபை நடுங்கக்கூடிய கடன் அது. ஆயினும் சபை பெரும்பான்மை வாக்கால் இணங்கிற்று; 1875ஆம் ஆண்டிலே பாராளுமன்றச் சட்டமும் நிறைவேறிற்று. முதலாண்டிலேயே 34,000 பவுண் இலாபம் கிடைத்தது. பின்வந்த ஆண்டுகளில் வாயுவின் விலையைக் குறைத்த பின்னரும் இலாபம் வந்துகொண்டிருந்தது.

அடுத்தது நீர். அதுவும் ஒரு கம்பனியின் கையிலேயே இருந்தது. 1876ஆம் ஆண்டிலே சபை அதனை 13 இலட்சத்து 50 ஆயிரம் பவுணுக்குப் பெற்றுக்கொண்டது. வாயுவில் இலாபம் கண்ட சபை நீரிலும் இலாபம் காணும் என்றே யாரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் இம்மசோதாவை ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவின்முன் சேம்பர்லேன் சாட்சியமளித்தபோது, நீரினின்றும் இலாபம் ஈட்டும் எண்ணம் சபைக்குச் சிறிதளவும் இல்லை என்று அறுதியிட்டுக் கூறினார். சபைக்கு வரும் ஆதாயம் பணமாக வராது. ஊராரின் நலமாகவும் உடற்சுகமாகவுமே வரும் என்பது அவர் கூறியதன் சாரம்.

ஒரே சபை, ஒரே நகரபிதா, ஈராண்டுகளுக்குள் இரண்டு கொள்வனவுகள். ஒன்றில் இலாபம் வேண்டும். மற்றதில் இலாபம் கூடாது. இவ்வேறுபாடு முரண்போலத் தோன்றினும் முரணன்று. அக்காலத்தில் வாயு விளக்கைப் பெரும்பாலும் எரித்தோர் கடைக்காரரும் தொழிற்சாலையினரும் வசதிபடைத்த இல்லத்தாருமே. ஏழை ஒரு மெழுகுதிரியோடு இரவைக் கழித்துவிடுவான். வாயுவின் விலையிற் சிறிது இலாபம் வைப்பின் அது இயன்றவரிடமிருந்து இயலாதவர்க்குச் செல்லும். நீரோ அப்படிப்பட்டதன்று. அதனை வேண்டாமென்று எவராலும் ஒதுக்கிவிட முடியாது. விலை மிகுந்தால் ஏழை நீரின்றி இருக்கமாட்டான். மாசுற்ற கிணற்றை நாடுவான். அவன் வீட்டில் தொடங்கும் நோய் செல்வன் வீட்டு வாயிலையும் தட்டும். ஆகவே நீரில் வைக்கும் இலாபம் ஊரின் உயிரின்மேல் விதிக்கும் வரியாகிவிடும்.

நீர் சபையின் கைக்கு வந்தபின் மாசுற்ற கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இலவசமாகக் கிடைத்த கிணற்று நீரை இழந்து குழாய் நீருக்குக் கட்டணம் செலுத்தவேண்டி வந்ததே என்று முணுமுணுத்தாரும் உளர். அவர்களுக்குச் சபை கூறக்கூடிய மறுமொழி ஒன்றே: அக்கட்டணத்தில் எவருக்கும் ஆதாயப் பங்கு இல்லை.

வாயுவின் இலாபம் எங்கே சென்றது என்பதற்கு நகர நடுவிலேயே ஒரு கட்டடம் சான்றாக நிற்கின்றது. நூல்நிலையங்களுக்கும் கலைக்கூடங்களுக்கும் பவுணுக்கு ஒரு பென்சுக்கு மேல் வரி விதிக்கலாகாதென்று அந்நாளையச் சட்டம் தடுத்தது. கலைக்கூடம் அமைக்கப் போதிய பணமில்லை. ஆதலின் நகரசபையின் வாயுக் குழு, தன் அலுவலகத்துக்கென ஒரு கட்டடம் எழுப்பி, அதன் மேற்றளத்தைக் கலைக்கூடத்துக்கென ஒதுக்கிக்கொடுத்தது. 1885ஆம் ஆண்டிலே அப்போதைய வேல்ஸ் இளவரசர் அதனைத் திறந்துவைத்தார். கீழே வாயுக் கட்டணம் செலுத்தும் மேசை, மேலே ஓவியங்கள். தொழிலின் ஊதியத்தால் கலையை வளர்க்கின்றோம் என்னும் கருத்துடைய வாசகமும் அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டது.

இதுவரை கூறியன சபையின் புகழுக்குரியன. மூன்றாவது தீர்மானத்தின் கதை வேறு. தொழிலாளர் இருப்பிடங்களைச் சீர்திருத்தும் பொருட்டு 1875ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. அச்சட்டத்தைப் பயன்படுத்திப் பேர்மிங்காம் சபை நகர நடுவிலிருந்த நெருக்கமான குடியிருப்புகளை விலைக்கு வாங்கிற்று. 1878ஆம் ஆண்டிலே இடிப்பு வேலை தொடங்கியது. அவ்விடத்தில் ‘கோப்பரேசன் வீதி’ என்னும் அகன்ற பெருவீதி எழுந்தது. நிலத்தைச் சபை விற்றுவிடவில்லை; 75 ஆண்டுக் குத்தகைக்கே கொடுத்தது. குத்தகை முடிந்ததும் நிலமும் அதன்மேல் எழுந்த கட்டடமும் ஊருக்கே மீளும் என்பது ஏற்பாடு. வருங்காலத் தலைமுறையை நினைத்துச் செய்த தொலைநோக்கு அது.

ஆனால் நிகழ்காலத் தலைமுறையின் நிலை யாது? இடிக்கப்பட்ட இல்லங்களில் வாழ்ந்தோர்க்கு மாற்று வீடுகளைச் சபை உடனே கட்டிக்கொடுக்கவில்லை. நகரின் பிற பகுதிகளில் வெற்று வீடுகள் உள்ளன என்று வாதிடப்பட்டது. வெளியேறிய மக்கள் அயலிலிருந்த நெருக்கமான தெருக்களிலே மேலும் நெருங்கினர். 1890ஆம் ஆண்டளவிலே ரைடர் வீதியில் 22 சிறு வீடுகளும், அதன்பின் லோரன்ஸ் வீதியில் 81 வீடுகளும் சபையாற் கட்டப்பட்டன. இடிப்புத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் எழுந்த இந்த 103 வீடுகள் அப்பெருந்திட்டத்துக்கு எம்மட்டு? குடியிருப்பைச் சீர்திருத்தும் சட்டத்தின் பெயரால் பெருங்கடைகளும் அலுவலகங்களும் எழுந்தன. குடியிருந்தோர் வெளியே நின்றனர். நீர் விடயத்திலே ‘இதன்றி வாழ முடியாதவர் யார்?’ என்று கேட்ட சபை, வீடு விடயத்தில் அக்கேள்வியைக் கேட்க மறந்துவிட்டது.

நீர்த் திட்டமும் பிறிதொரு விலையைக் கேட்டது. 1889ஆம் ஆண்டிலே மாநகரம் என்னும் தகுதிபெற்ற பேர்மிங்காமுக்கு அயலிலிருந்த நீர்நிலைகள் போதவில்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேல்ஸ் நாட்டு மலைகளிடையேயுள்ள ஏலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டுவதற்குச் சபை உரிமை பெற்றது. பொறியியலாளர் யேம்ஸ் மான்சர் வகுத்த அத்திட்டத்தின்படி, 73 மைல் தொலைவுக்கு நீர் எவ்வித இயந்திர உதவியுமின்றித் தன் சரிவினாலேயே ஓடிவரும். 1904ஆம் ஆண்டு யூலை 21ஆம் நாள் ஏழாம் எட்வேட் மன்னர் அதனைத் திறந்துவைத்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இளவரசராக வந்து கலைக்கூடத்தைத் திறந்தவரும் அவரே.

அம்மலைப் பள்ளத்தாக்கிலே ஒரு தேவாலயமும் பள்ளிக்கூடமும் பண்ணைகளும், கவிஞர் செல்லி இளமையில் தங்கியிருந்த இல்லங்களும் நீரில் அமிழ்ந்தன. ஏறத்தாழ நூறு பேர் ஊர்பெயர்ந்தனர். நட்டஈடு கிடைத்தது நிலவுடைமையாளருக்கே. வாரத்துக்கு உழுதவர்க்கும் வேலைசெய்து பிழைத்தவர்க்கும் கிடைக்கவில்லை. பேர்மிங்காம் ஏழையின் கிண்ணத்திலே தூய நீர் நிறைந்தது. அந்நீரின் விலையில் ஒரு பகுதியை, அச்சபைக்கு வாக்களிக்கும் உரிமையே இல்லாத வேல்ஸ் நாட்டு ஏழை செலுத்தினான்.

சேம்பர்லேன் 1876ஆம் ஆண்டிலே பாராளுமன்றத்துக்குச் சென்றுவிட்டார். பின்னர் 1895ஆம் ஆண்டு முதல் 1903ஆம் ஆண்டு வரை குடியேற்ற நாட்டமைச்சராக விளங்கினார். அக்காலத்தில் இலங்கைத் தேசாதிபதிகள் தம் அறிக்கைகளை அவருக்கே அனுப்பிவந்தனர். பேரரசுக் கொள்கையால் அவர் பெற்ற பெயர் பலவகைப்பட்டது. தென்னாபிரிக்கப் போரோடு இணைத்து அவரைப் பழிப்பாரும் உளர். ஆயினும் அவருடைய பொதுவாழ்விலே ஐயத்துக்கிடமின்றி மக்களுக்குப் பயன்பட்ட பகுதி எது என்று கேட்பின், திருகாணி வணிகராக இருந்து ஓர் ஊரின் நகரபிதாவாய்ப் பணியாற்றிய அம்மூன்று ஆண்டுகளையே வரலாற்று மாணவர் பலரும் சுட்டுவர்.

அவர் கட்டியமைத்தவை சபையின் கையில் என்றென்றும் இருக்கவில்லை. மின்சாரம் 1948ஆம் ஆண்டிலும் வாயு 1949ஆம் ஆண்டிலும் தேசவுடைமையாயின. நீர் விநியோகம் 1974ஆம் ஆண்டிலே பிரதேச அதிகாரசபையொன்றிடம் சென்று, 1989ஆம் ஆண்டில் தனியார் கம்பனிக்கு மாறிற்று. எங்கே தொடங்கிற்றோ அங்கேயே மீண்டது எனலாம். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலே, தன் கடப்பாடுகளைத் தன் வருவாயால் நிறைவேற்ற இயலாதென்று பேர்மிங்காம் மாநகரசபை சட்டப்படி அறிவிக்க நேர்ந்தது. ஆண்களுக்கு நிகராகப் பெண் ஊழியர்க்குக் கொடுத்திருக்கவேண்டிய ஊதிய நிலுவையும், கணினித் திட்டமொன்றில் ஏற்பட்ட பெருஞ்செலவும் அதற்குரிய காரணங்களுட் சில. மறு ஆண்டிலே சபை வரி ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் உயர்ந்தது; சேவைகள் பல வெட்டப்பட்டன. ஒருகாலத்தில் உலகுக்கே எடுத்துக்காட்டாகக் கூறப்பட்ட சபை, மீண்டும் ‘எதை வெட்டலாம்?’ என்ற பழைய கேள்வியின்முன் வந்து நின்றது.

இவ்வரலாற்றினின்றும் கடன் வாங்குதல் நன்று என்றோ, சிக்கனம் தீது என்றோ பொதுவிதி வகுத்துவிட முடியாது. சிக்கனக் கட்சியார் ஒரு பென்சையும் வீணாக்கவில்லை. ஊர் நோயில் வீழ்ந்தது. பெருவீதி அமைத்தோர் வருங்காலத்தை எண்ணினர். நிகழ்காலத்து ஏழை வீடிழந்தான். சமஊதியத்தை ஆண்டுக்கணக்காகக் கொடாது விட்டபோதும் அது சிக்கனமென்றே ஒருகால் தோன்றியிருக்கும். நிலுவை ஒருநாள் வாயிலில் வந்து நின்றது. கொடுக்கவேண்டிய இடத்திற் கொடாது மிச்சம்பிடித்த பணம் எப்போதும் எவரோ ஒருவரின் தோளிலே சுமையாக ஏறியே நிற்கின்றது.

ஆகவே ஒரு சபை கட்டணம் விதிக்கும்போதும் செலவை ஒதுக்கும்போதும், தொகை எவ்வளவு என்பதோடு கேள்வி முடிந்துவிடலாகாது. இதனை வேண்டாமென்று ஒதுக்கி வாழ வல்லவர் யார், ஒதுக்க இயலாதவர் யார், இத்தீர்மானத்தின் சுமை சபையின் கணக்குப் புத்தகத்தில் இடம்பெறாத எவர் வீட்டுக்குச் செல்கின்றது என்று கேட்டல் வேண்டும். நீரைப் பற்றி ஒருமுறை பேர்மிங்காம் சபை அவ்வாறு கேட்டது. அக்கேள்விக்குக் கிடைத்த விடையை, நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னரும், ஏலான் மலைகளினின்றும் இறங்கி ஓடிவரும் நீர் அந்நகரின் இல்லந்தோறும் கொண்டுசேர்த்து வருகின்றது.